பெங்களூரில் அலுவலக வேலை தேடுபவர்கள் கணினியில் எதை முதலில் கற்பது?

திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கமிருந்து பெங்களூருக்கு வேலை தேடி வருகிறவர்களின் ரெஸ்யூமேயில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: "எம்.எஸ். ஆபீஸ், இன்டர்நெட், டேலி தெரியும்." அந்த வரியை நம்பி யாரும் வேலை கொடுப்பதில்லை. பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ ஒரு தொழிற்சாலை அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போனால், ஒரு கணினி முன் உட்காரவைத்து, "இந்த வருகைப் பட்டியலில் எந்தத் துறையில் எத்தனை பேர் என்று எடுத்து, இந்த முகவரிக்கு மெயில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். கால் மணி நேரம் கழித்து வந்து பார்ப்பார்கள். மூன்று மாத வகுப்பு முடித்துச் சான்றிதழோடு வந்தவர் அங்கே தடுமாறுவதையும், அண்ணன் கடையில் பில் போட்டுப் பழகியவர் முடித்துவிட்டு எழுவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதனால் இந்தக் கட்டுரையை மென்பொருள்களின் வரிசையில் எழுதவில்லை. அலுவலகத்தில் முதல் மாதம் உங்களிடம் கேட்கப்போகும் வேலைகளின் வரிசையில் எழுதியிருக்கிறேன். அலுவலக உதவியாளர், பில்லிங், கணக்குப் பிரிவு, மனிதவளப் பிரிவு, மருத்துவமனை வரவேற்பு, கிடங்குப் பதிவு போன்ற வேலைகளைத் தேடுகிறவர்களுக்கு இது பொருந்தும். மென்பொருள் எழுதும் வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு பாதை.

எதில் பழகுவது

கைபேசி மட்டும் போதாது. விரல்கள் விசைப்பலகைக்குப் பழகியாக வேண்டும். புதிய மடிக்கணினி வாங்க வசதி இல்லாதவர்கள் எஸ்.பி. ரோடு என்று எல்லோரும் சொல்லும் சாதர் பத்ரப்பா சாலைக்குப் போகலாம். பழைய மடிக்கணினிகள் அங்கே வரிசையாகக் கிடைக்கும். ஆனால் போகும்முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட வேண்டுமென்றால், இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். "ஐ5 சார், நல்ல மெஷின்" என்று கடைக்காரர் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஐ5 என்பதற்குப் பின் வரும் எண்ணைப் பாருங்கள். 8250, 10210 என்பதுபோல் 8இலோ 10இலோ தொடங்கினால் சரி. 6200 என்று இருந்தால் ஆறாம் தலைமுறை, அதன் விலை நன்றாகக் குறைய வேண்டும். நினைவகம் 8 ஜிபி, சேமிப்பு எஸ்.எஸ்.டி. வகை. சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கடையிலேயே இருபது நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். பில் வாங்காமல் வராதீர்கள்.

அதற்கும் வழியில்லை என்றால் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. அங்கே உட்காரும்போது உலாவியின் இன்காக்னிட்டோ சாளரத்தை (பார்த்த பக்கங்களைச் சேமித்து வைக்காத சாளரம்) திறந்து வேலை செய்யுங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எழும்முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உங்கள் ஆதார், மதிப்பெண் பட்டியல் கிடக்கிறதா என்று பார்த்து அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், கைபேசியில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மென்பொருளுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டும் இலவசம். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று தொடங்கினால் எக்செல், வேர்டு இரண்டையும் உலாவியிலேயே இலவசமாகப் பயன்படுத்தலாம். பாடத்துக்கும் அலைய வேண்டாம்: ஐஐடி மும்பை நடத்தும் 'ஸ்போக்கன் டுடோரியல்' தளத்தில் லிப்ரே ஆபீஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே உள்ளன. இதையெல்லாம் ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு, அப்போதும் யாராவது அருகில் இருந்து சொல்லித்தர வேண்டும் என்று தோன்றினால் வகுப்பில் சேருங்கள். வந்த முதல் வாரத்திலேயே ஆயிரக்கணக்கில் கட்டிச் சேருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபைல் எங்கே போனது?

கைபேசியிலேயே வளர்ந்த தலைமுறைக்குக் கணினியில் வரும் முதல் சிக்கல் இதுதான். கைபேசியில் படம் கேலரியில் இருக்கும், பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் இருக்கும். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. அலுவலகத்தில் மேலாளர் "போன மாத இன்வாய்ஸை எடுங்கள்" என்பார். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே பெயரில், அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் போட்டுப் பதினான்கு ஃபைல்கள் கிடக்கும்.

விண்டோஸ் விசையோடு ஈ விசையை அழுத்தி ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறங்கள். 'வேலை' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'சான்றிதழ்கள்', 'ரெஸ்யூமே', 'பயிற்சி' என்று மூன்று. ஃபைலைத் தேர்ந்து எஃப்2 அழுத்தினால் பெயரை மாற்றலாம். பெயரில் தேதியைச் சேர்க்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். அப்போதுதான் பெயர்வரிசையில் அடுக்கினாலும் காலவரிசையிலேயே நிற்கும். நகலெடுப்பதும் இடம் மாற்றுவதும் வேறு வேறு என்பதைக் கையால் செய்து பாருங்கள். பல ஃபைல்களை ஒரே ஜிப் ஆக்கவும், வந்த ஜிப்பைப் பிரிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஜிப்பைப் பிரிக்காமல் அதற்குள்ளேயே ஃபைலைத் திறந்து திருத்திவிட்டு, பிறகு திருத்தம் காணவில்லை என்று தேடுவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது.

மவுஸை நாடாமல் செய்ய வேண்டிய சில: கன்ட்ரோலோடு சி, வி, எக்ஸ் நகல், ஒட்டு, வெட்டு, இசட் செய்ததைத் திரும்பப் பெற, எஸ் சேமிக்க, எஃப் தேட, பி அச்சிட. ஆல்ட்டோடு டேப் அழுத்தினால் ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படமெடுக்கலாம். இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸோடு எல். சம்பளப் பட்டியல் திறந்திருக்கும் திரையை அப்படியே விட்டுவிட்டுத் தேநீருக்குப் போகிறவரை எந்த அலுவலகமும் விரும்பாது.

தட்டச்சு

இரண்டு விரலால் வேகமாகத் தட்டுகிறேன் என்று சமாளிக்காதீர்கள். விசைப்பலகையில் எஃப், ஜே விசைகளின் மேல் சிறு மேடு இருக்கும். சுட்டுவிரல்கள் அங்கே உட்கார வேண்டும், கண் திரையில் இருக்க வேண்டும். தினம் அரை மணி நேரம், இடைவிடாமல் ஆறேழு வாரம் பழகினால் நிமிடத்துக்கு முப்பது சொற்கள் எட்டக்கூடியதுதான். முதல் இரண்டு வாரம் பழைய வேகத்தைவிடக் குறையும். அங்கேதான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள். பில்லிங், கிடங்கு வேலைக்குப் போகிறவர்கள் வலப்புற எண் விசைகளையும் பார்க்காமல் தட்டப் பழக வேண்டும். அங்கே 5 விசையில் மேடு இருக்கும். நடுவிரலுக்கு அதுதான் இடம்.

இனிஷியல் என்னும் தலைவலி

நம் ஊர்க்காரர்களுக்கென்றே தனியாக ஒரு சிக்கல் உண்டு. வேலைத் தளங்களின் படிவங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கோ இனிஷியலும் பெயரும்தான். ஒரு இடத்தில் இனிஷியலைக் கடைசிப் பெயர் ஆக்குவோம், இன்னொரு இடத்தில் அப்பா பெயரைப் போடுவோம், மூன்றாவதில் ஊர்ப் பெயரையும் சேர்ப்போம். பான் அட்டை விண்ணப்பம் பெயரில் இனிஷியலை ஏற்காது என்பதால் அதில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும். வேலை கிடைத்த பிறகு நிறுவனம் ஆவணங்களைச் சரிபார்க்கும்போதும், வருங்கால வைப்பு நிதிக்கான யுஏஎன் எண் உருவாக்கும்போதும் இது முன்னால் வந்து நிற்கும். வைப்பு நிதிக் கணக்கில் உள்ள பெயர் ஆதாரோடு பொருந்தியாக வேண்டும்.

ஆகவே முதல் விண்ணப்பம் போடுமுன் பான், ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கிக் கணக்கு நான்கையும் மேசையில் விரித்து ஒப்பிடுங்கள். பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் திருத்த விண்ணப்பியுங்கள். வேலை இல்லாத இந்த நாள்களில்தான் அதற்கு நேரம் இருக்கும். எந்தப் படிவத்திலும் பான் அட்டையில் உள்ளபடியே பெயரைப் பிரித்து எழுதுங்கள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி.

ஆதாரைக் கேட்கும் இடமெல்லாம் முழு எண்ணோடு கொடுக்கத் தேவையில்லை. ஆதார் ஆணையத்தின் தளத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். அந்த பிடிஎஃப் திறக்கக் கடவுச்சொல் கேட்கும்: ஆதாரில் ஆங்கிலத்தில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்துகள் பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த ஆண்டு. பெயர் 'பி. குமார்' என்பதுபோல் இனிஷியலும் புள்ளியுமாகத் தொடங்கினால் அந்தப் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும். இதைத் தெரியாமல் திறக்க முடியவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. மற்ற ஆவணங்களுக்கு, 2015இல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் வழங்கும் துறையே தரும் ஆவணங்கள் சட்டப்படி அசலுக்குச் சமமானவை.

ரெஸ்யூமே

ஒரு பக்கம். அதிகம் போனால் இரண்டு. வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ தயாரித்து பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்புங்கள். வேர்டு ஃபைலாக அனுப்பினால் அவர்கள் கணினியில் வரிகள் கலைந்துபோகலாம். ஃபைலின் பெயர் உங்கள் பெயரும் விண்ணப்பிக்கும் வேலையும் சேர்ந்ததாக இருக்கட்டும். 'ஃபைனல் நியூ 3' என்று பெயர் வைத்த ஃபைலை ஒரு நாளில் ஐம்பது ரெஸ்யூமே பார்க்கிறவர் எப்படித் தேடி எடுப்பார்? பிறந்த தேதி, மதம், அப்பாவின் தொழில், கீழே உறுதிமொழி, கையெழுத்து எல்லாம் இன்று வேண்டியதில்லை. "எக்செல் தெரியும்" என்பதற்குப் பதில் "இருநூறு பேருக்கான வருகைப் பட்டியலில் பிவட் டேபிள் போடவும், வீலுக்அப் மூலம் இரு பட்டியல்களை ஒப்பிடவும் முடியும்" என்று எழுதுங்கள். (இவை இரண்டும் என்னவென்று கீழே எக்செல் பகுதியில் வரும்.) எழுதியதைச் செய்து காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்தைத் திருத்தச் சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அது எழுதித்தரும் பெரிய சொற்களை அப்படியே வைக்காதீர்கள். நேர்காணலில் அந்தச் சொல்லைச் சொல்லி விளக்கம் கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும். ஆதார், பான் எண்களை அதில் ஒட்டவும் வேண்டாம்.

மெயில்

பள்ளி நாள்களில் விளையாட்டாகத் தொடங்கிய பெயரில் உள்ள மெயில் முகவரியை விட்டுவிட்டு, சொந்தப் பெயரில் புதிதாக ஒன்று தொடங்குங்கள். கடவுச்சொல்லோடு கைபேசி வழியாகவும் உறுதி கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

மெயிலின் தலைப்பு வரியைக் காலியாக விடக் கூடாது. வேலையின் பெயர், உங்கள் பெயர், அனுபவம், அது போதும். உள்ளே நான்கைந்து வரிகள்: எந்த வேலைக்கு, எங்கே பார்த்தீர்கள், உங்களுக்கு என்ன தெரியும், எப்போது சேர முடியும், தொலைபேசி எண். இணைப்பை முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு மெயிலை எழுதினால், "இணைத்துள்ளேன்" என்று எழுதிவிட்டு இணைக்காமல் அனுப்பும் விபத்து நடக்காது. பெறுநர் முகவரியை எல்லாவற்றுக்கும் கடைசியில் போடுங்கள். பாதி எழுதிய மெயில் கைதவறிப் போகாது. ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பி வரை போகும். அதற்கு மேல் என்றால் கூகுள் டிரைவ் லிங்க்காகப் போகும். டிரைவ் லிங்க் அனுப்பும்போது பார்ப்பதற்கான அனுமதியைக் கொடுத்திருக்கிறீர்களா என்று இன்காக்னிட்டோ சாளரத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

வேலையில் சேர்ந்தபின் சிசி (நகல் பெறுபவர்), பிசிசி (மற்றவர்களுக்குத் தெரியாமல் நகல் பெறுபவர்), ரிப்ளை ஆல் (எல்லோருக்கும் பதில்) மூன்றையும் அறிந்திருப்பது கட்டாயம். மேலாளரை சிசியில் வைத்து வந்த மெயிலுக்கு அனுப்பியவருக்கு மட்டும் பதில் போட்டால், நீங்கள் பதிலே போடவில்லை என்றுதான் மேலாளர் நினைப்பார்.

எக்செல்: இங்கேதான் வேலை நிற்கிறது

மற்ற எதற்கும் நேரம் இல்லை என்றாலும் இதற்கு ஒதுக்குங்கள். எக்செலில் நூற்றுக்கணக்கான வாய்ப்பாடுகள் உண்டு. தொடக்க நிலை அலுவலக வேலைக்குப் பத்துக்கும் குறைவாகவே தேவைப்படும். அவற்றை ஒரே பயிற்சியில் பழகலாம். ஒரு கற்பனைத் தொழிற்சாலைக்கு முப்பது பேரின் சம்பளப் பட்டியலைத் தயாரியுங்கள்: பணியாளர் எண், பெயர், துறை, வந்த நாள்கள், நாள் கூலி, வங்கிக் கணக்கு எண்.

முதலில் வங்கிக் கணக்கு எண்ணுக்கான பத்தியைத் தேர்ந்து, அதன் வடிவத்தை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிட்டுத்தான் எண்களைத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் தொடக்கத்தில் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். பன்னிரண்டு இலக்கம் எட்டினால் எண் சுருங்கி நடுவே ஈ எழுத்தோடு காட்சி தரும். எக்செல் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். பிறகு டெக்ஸ்ட் ஆக மாற்றினாலும் போனது திரும்பாது. சம்பளம் தவறான கணக்குக்குப் போவது இப்படித்தான் தொடங்குகிறது.

தேதியிலும் கவனம் வேண்டும். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால் ஜூன் 5 என்று நினைத்து நீங்கள் 5/6 என்று தட்டுவது மே 6 ஆகிவிடும். தேதி கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நின்றால் எக்செல் அதைத் தேதியாகப் புரிந்துகொண்டது. இடப்புறம் ஒட்டினால் வெறும் எழுத்தாகவே பார்க்கிறது.

இனி கணக்கு. வந்த நாள்களை நாள் கூலியால் பெருக்கி மொத்தம் எடுங்கள். சமக் குறியில் தொடங்காத வாய்ப்பாடு வேலை செய்யாது. முதல் வரிக்குப் போட்டு, கட்டத்தின் கீழ் வலது மூலையில் உள்ள சிறு சதுரத்தை இரட்டைக் கிளிக் செய்தால் முப்பது பேருக்கும் நிரம்பிவிடும். அடுத்து வருங்கால வைப்பு நிதி: பயிற்சிக்கு 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்த 12ஐ ஒவ்வொரு வாய்ப்பாட்டுக்குள்ளும் தட்டாமல் மேலே தனியாக ஒரு கட்டத்தில் எழுதி, அந்தக் கட்டத்தைச் சுட்டுங்கள். சுட்டியதும் எஃப்4 அழுத்தினால் டாலர் குறிகள் விழும். வாய்ப்பாட்டைக் கீழே இழுத்தாலும் அந்தக் கட்டம் நகராது. இந்த டாலர் குறி புரிந்தவரா இல்லையா என்பதை வைத்தே சில இடங்களில் ஆளை முடிவு செய்கிறார்கள்.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தத்தில் பணியாளரின் பங்கு 0.75 விழுக்காடு. 16,450 ரூபாய்க்கு அது 123.375 வரும். ஆனால் இஎஸ்ஐயில் அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்த வேண்டும் என்பதால் பிடிக்க வேண்டியது 124. இதற்கு 'ரவுண்ட்அப்' வாய்ப்பாடு. சாதாரண 'ரவுண்ட்' போட்டால் 123 என்று வரும், மாதக் கடைசியில் தொகை ஒட்டாது.

பிறகு 'வீலுக்அப்'. இன்னொரு தாளில் பணியாளர் எண்ணும் தொலைபேசி எண்ணும் மட்டும் உள்ள பட்டியல் ஒன்று வைத்து, அதிலிருந்து தொலைபேசி எண்ணை முதல் தாளுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு நான்கு தகவல் கொடுக்க வேண்டும்: எதைத் தேடுவது, எந்தப் பட்டியலில், எத்தனையாவது பத்தி, சரியாகப் பொருந்த வேண்டுமா. கடைசி இடத்தில் பூஜ்யம் போட மறந்தால் தவறான ஆளின் எண் வந்து நிற்கும், பார்ப்பதற்குச் சரிபோலவே இருக்கும். எண் இருந்தும் கிடைக்கவில்லை என்று பிழை காட்டினால் பெரும்பாலும் இரண்டு காரணம்: எண்ணுக்குப் பின் ஒட்டிய வெற்று இடம், அல்லது ஒரு தாளில் எண்ணாகவும் மறு தாளில் எழுத்தாகவும் பதிவானது. வெற்று இடத்தை 'ட்ரிம்' நீக்கும். 'எக்ஸ்லுக்அப்' இதைவிட எளிது, ஆனால் எக்செல் 2019க்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் அது வராது; பழைய பதிப்பிலேயே காலம் தள்ளும் அலுவலகங்கள் இந்த ஊரில் ஏராளம்.

கடைசியாக, முதலில் சொன்ன தேர்வுக்கான விடை: பிவட் டேபிள். பட்டியலுக்குள் ஒரு கட்டத்தில் நின்று, இன்செர்ட் பகுதியில் பிவட் டேபிளைத் தேர்ந்து, துறையை வரிசைகளுக்கும் பணியாளர் எண்ணை மதிப்புகளுக்கும் இழுத்துவிடுங்கள். பணியாளர் எண் எண்ணாக இருந்தால் எக்செல் அவற்றையெல்லாம் கூட்டி ஒரு பெரிய தொகையைக் காட்டும். அதை 'கவுன்ட்' என்று மாற்றினால் எத்தனை பேர் என்பது வரும். இரட்டைப் பதிவுகளை முன்பே நீக்கியிருக்க வேண்டும். ஃபில்டர், தலைப்பு வரியை நகராமல் நிறுத்தும் ஃப்ரீஸ் பேன்ஸ், ஒரே பக்கத்தில் அடங்குமாறு அச்சிடுவது ஆகிய மூன்றையும் இதே பட்டியலில் பழகிவிடலாம்.

கணக்குப் பிரிவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்

டேலியை உருவாக்கும் நிறுவனத்தின் தலைமையகமே பெங்களூரில்தான் இருக்கிறது. சிறு நிறுவனங்களின் கணக்கு பெரும்பாலும் அதில்தான் ஓடுகிறது. டேலி பிரைமைக் கல்வி முறையில் இலவசமாக இறக்கிப் பழகலாம். மாதத்தின் சில நாள்களுக்கு மட்டுமே பதிவு போட விடும், பயிற்சிக்கு அது போதும். ஒவ்வொரு வகைப் பதிவுக்கும் ஒரு வவுச்சர், அதற்கு ஒரு விசை: எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். விசைகள் ஒரு நாளில் மனப்பாடமாகிவிடும். எந்த நடவடிக்கைக்கு எந்த வவுச்சர் என்பதுதான் நேர்காணலில் கேள்வி.

ஜிஎஸ்டியில் ஒரு கேள்வி பெங்களூரில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும்: பொம்மசந்திராவில் உள்ள நிறுவனம் ஓசூருக்குச் சரக்கு விற்றால் என்ன வரி? சாலை வழியில் கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. ஆகவே மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐஜிஎஸ்டி. அதே சரக்கு தொலைவில் உள்ள மைசூருக்குப் போனால் மத்திய, மாநில வரிகள் பாதிப் பாதி. பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தாலே மாநிலம் தெரியும்: கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33.

தேடலும் நேர்காணலும்

நௌக்ரி, லிங்க்ட்இன், இன்டீட், அப்னா ஆகியவற்றில் கணக்கு தொடங்குங்கள். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும் இலவசமாகப் பதியலாம். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவதைவிட, எந்த நிறுவனத்துக்கு, எந்த வேலைக்கு, என்று, யாரிடம் பேசினீர்கள் என்று எக்செலில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து ஒரு பெண் அழைத்து "எங்கள் வேலைக்கு விண்ணப்பித்தீர்களே" என்னும்போது எந்த வேலை என்று அவரிடமே கேட்காமல் இருக்கலாம்.

வாக்-இன் நேர்காணலுக்கு முகவரியை நம்பிப் போகாதீர்கள். இந்த ஊரில் ஒவ்வொரு லேஅவுட்டிலும் ஒரு ஐந்தாவது கிராஸ், ஒரு மூன்றாவது மெயின் உண்டு. வரைபட இணைப்பைக் கேட்டு வாங்கி, முந்தைய நாளே வழியைப் பார்த்துவிடுங்கள். எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் என்றால் 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் இருந்து காப்பாற்றும்.

இணையவழி நேர்காணல் என்றால், முந்தைய நாள் நண்பர் ஒருவரோடு கூகுள் மீட்டில் பேசிப் பழகுங்கள். ஒலிவாங்கியை இயக்குவது, நிறுத்துவது, திரையைப் பகிர்வது மூன்றும் தடுமாறாமல் வர வேண்டும். திரையில் உங்கள் பெயர் என்னவென்று தெரிகிறது என்று பாருங்கள். கைபேசி மாடலின் பெயரோ தங்கையின் பெயரோ வருவது வழக்கம். திரையைப் பகிரும்முன் வாட்ஸ்அப் வெப்பை மூடிவிடுங்கள்.

பணம் கேட்டால்

வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்க எந்தக் காரணமும் இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கான வைப்புத்தொகை, பிறகு திருப்பித் தருவோம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரில் வரும் பணி ஆணை ஜிமெயில் முகவரியில் இருந்து வந்தால் சந்தேகப்படுங்கள். நிறுவனத்தின் சொந்த முகவரிபோலத் தெரிந்தாலும் @ குறிக்குப் பின் உள்ளதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஓர் எழுத்தோ ஒரு கோடோ கூடுதலாக இருக்கும். பிறகு அந்த நிறுவனத்தின் தளத்தை நீங்களே தேடித் திறந்து, அதில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஆப் ஃபைல் அனுப்பி நிறுவச் சொன்னால் தொடவே வேண்டாம்.

டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்பது முதல் நாள் நூறோ இருநூறோ தந்துவிட்டுப் பிறகு ஆயிரங்களைக் கட்டச் சொல்லும் வலை. இதைவிட ஆபத்தானது, உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை வேறு கணக்குக்கு அனுப்புங்கள் என்னும் 'வேலை'. அது பெரும்பாலும் யாரையோ ஏமாற்றிய பணம். கணக்கு முடக்கப்படும், காவல் நிலையத்துக்கும் நீங்கள்தான் போக வேண்டியிருக்கும்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் தள்ளாதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். பணம் கை மாறி வெளியே எடுக்கப்படும்முன் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. பணம் போன நேரம், பரிவர்த்தனை எண், அனுப்பிய கணக்கு அல்லது யுபிஐ முகவரி, உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டுகள் ஆகியவற்றை ஒரே ஃபோல்டரில் போட்டு, மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிந்து, கிடைக்கும் புகார் எண்ணை அன்றே உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள்.